மரக்கறித் தராசில் ஏறிய கமரா

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ரயில் வந்தபோது என் வாயில் ஒரு லென்ஸ் மூடி இருந்தது. இடது கையில் ஒரு லென்ஸ், வலது கையில் இன்னொன்று, கழுத்தில் வாயைத் திறந்தபடி தொங்கும் கமரா. பாலத்தின் நீளமே 91 மீட்டர்தான். பெரிய லென்ஸ் ஒருவழியாகப் பூட்டிக்கொண்ட நேரத்தில் ரயிலின் கடைசிப் பெட்டி மரங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன், தான் போனில் எடுத்த படத்தைத் தங்கைக்குக் காட்டிக்கொண்டு நின்றான். எட்டிப் பார்த்தேன். வடிவான படம்.

கமரா என்னுடையதும் இல்லை. மச்சானிடம் இரவல் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர்., இரண்டு லென்ஸ், சார்ஜர், அதற்கென்று ஒரு தடித்த பை. கோட்டை நிலையத்தில் விடியமுன் ஏறியதிலிருந்து அது என் தலைக்கு மேலே சாமான் தட்டிலேயே இருந்தது. நாவலப்பிட்டி தாண்டும்வரை நிற்கவே இடமில்லை, இதில் பையை இறக்கி எங்கே திறப்பது? பட்டிப்பொலவில், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையத்தில், பனிமூட்டத்துக்குள் நின்ற ஸ்டேஷன் பலகையைக்கூட போனில்தான் எடுத்தேன். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் நான்கு நாளில் அந்தப் பெரிய கமராவில் எடுத்தது 61 படம், போனில் எடுத்தது நானூறுக்கு மேல்.

வெள்ளவத்தைக்கு வந்த அடுத்த நாள், பையோடு மச்சான் வீட்டுக்குப் போகிற வழியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மரக்கறிக் கடையில் நின்றேன். ஒரு யோசனை வந்தது. பையைத் தூக்கிக் கடைக்காரரின் டிஜிட்டல் தராசில் வைத்தேன். 2 கிலோ 140 கிராம். அவர் சிரிக்காமல், "கிலோ என்ன விலைக்குத் தாறீங்கள் தம்பி?" என்று கேட்டார்.

சிறிய கமரா ஒன்று சொந்தமாக வாங்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். அது 2023 தொடக்கம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, இருநூறு பக்கம் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டிருந்தது. காலி வீதியில் கடைக் கண்ணாடிக்குள் இருந்த புதுக் கமராக்களின் விலைச்சிட்டையைப் பார்த்துவிட்டு, விலை கேட்காமலே வெளியே வந்தேன். என்னிடம் இருந்தது ஒன்றரை இலட்சம். ஆகவே பாவித்த கமராதான். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. இந்த ஊரில் நாங்கள் ஓடும் கார் முதல் தையல் மெஷின் வரை பாதி ஜப்பானில் யாரோ பாவித்ததுதான்.

"போன் போதாதா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. வெயிலில் எடுக்கும் மலை, கடல், தேயிலைத் தோட்டம், நாங்கள் இரண்டு பேரும் நிற்கும் படம், இதற்கெல்லாம் போன் தாராளமாகப் போதும். எனக்குப் போதாமல் இருந்தது மூன்று இடத்தில். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கும்போது. இரவில் அசைந்துகொண்டிருக்கும் மனிதர்களை எடுக்கும்போது. அப்புறம் அம்மாவின் வீட்டுச் சுவரில் மாட்டப் பெரிதாக அச்சடிக்கும்போது. இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு கடையில் யாராவது, "இது 4கே எடுக்கும், நொடிக்கு இத்தனை படம் எடுக்கும்" என்று ஆசை காட்டினால் அந்தத் துண்டு ஞாபகத்துக்கு வரும். வீடியோ அதில் இல்லவே இல்லை. அதனாலேயே பல மாடல்கள் பட்டியலிலிருந்து விழுந்தன, விலையும் இறங்கியது.

லென்ஸைக் கழற்ற முடியாத சட்டைப்பைக் கமரா ஒன்றையும் யோசித்தேன். இரண்டு காரணத்தால் விட்டேன். அதில் லென்ஸுக்குள் பூஞ்சணம் வந்தால் கமராவே போச்சு, கழற்றி வேறு போட முடியாது. கொழும்பில் இது சின்ன விஷயம் இல்லை, பிறகு சொல்கிறேன். மற்றது, எனக்கு வேண்டிய தூரமும் இரவு வெளிச்சமும் ஒரே சின்ன லென்ஸுக்குள் கிடைக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான். உடலுக்கு உடல், அதாவது லென்ஸை விட்டுவிட்டுக் கமராவை மட்டும், ஒப்பிட்டுப் பார்த்தேன். சோனி ஏ6000, 2014இல் வந்தது, 24 மெகாபிக்சல். ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2, 2015, 16 மெகாபிக்சல். பானசோனிக் ஜிஎக்ஸ்85, 2016, அதுவும் 16. கனன் எம்50, 2018, 24. இரவு பன்னிரண்டு மணிவரை போனில் விமர்சனம் பார்ப்பேன். காலையில் ஒன்று நல்லதாகத் தெரியும், மாலையில் இன்னொன்று. பாவித்த நிலையில் கிட் லென்ஸோடு, அதாவது கமராவோடு சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸோடு, இவை எல்லாம் ஒரு இலட்சத்துக்கு முன்பின்னாகவே நின்றன. ஆகவே விலையும் ஒரு முடிவுக்கு உதவவில்லை.

குழப்பத்தைத் தீர்த்தது ஒரு கணக்கு. உடலை மறந்துவிட்டு, எனக்கு வேண்டிய இரண்டாவது, மூன்றாவது லென்ஸுக்குக் கொழும்பில் இன்றைக்கு என்ன விலை என்று மட்டும் விசாரித்தேன். தூரத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. சோனிக்கு 55-210 பாவித்தது 45,000 சொன்னார்கள், 35 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்) எழுபத்தையாயிரம். இரண்டும் சேர்த்து 120,000. ஒலிம்பஸுக்கு அதே தூரம் இழுக்கும் 40-150 லென்ஸ் 28,000, பானசோனிக்கின் 25 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் 36,000. மொத்தம் 64,000. உடல்கள் ஒரே விலை, ஆனால் பயணப் பையின் மொத்த விலையில் 56,000 ரூபாய் வித்தியாசம். இரண்டு மாதம் பார்த்த வீடியோக்களில் ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் டொலரில் வாழ்கிறார்கள், கடையில் லென்ஸ் இல்லையென்றால் இணையத்தில் சொல்லி மூன்றாம் நாள் வீட்டுக்கு எடுக்கிறார்கள். எனக்கோ, இந்த ஊரில் இன்றைக்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய லென்ஸ் எதுவோ அதுதான் லென்ஸ்.

பானசோனிக் லென்ஸ் எப்படி ஒலிம்பஸில் ஏறும் என்று கேட்கலாம். இரண்டு கம்பனியும் 2008இல் சேர்ந்து அறிவித்த மவுண்ட், அதாவது லென்ஸ் பூட்டும் வளைய அமைப்பு, அது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்று பெயர். ஒருவரின் லென்ஸ் மற்றவரின் உடலில் அப்படியே பூட்டும், ஃபோகஸும் தானாக வேலை செய்யும். பாவித்த சந்தையில் இது பெரிய வசதி, ஏனென்றால் இரண்டு பேரின் பழைய லென்ஸ்களும் உங்களுக்குத்தான். ஒலிம்பஸ் தன் கமராப் பிரிவை 2021 ஜனவரியில் கைமாற்றிவிட்டது உண்மை. இப்போது ஓஎம் என்ற பெயரில் வருகிறது. மவுண்ட் அதேதான்.

கனன் எம்50 விஷயத்தில் நான் கடைசி நேரத்தில் கையை இழுத்துக்கொண்டேன். கையில் பிடிக்க அருமையான கமரா, மெனு குழந்தைகூடப் பழகிவிடும். ஆனால் கனன் தன் புது உடல்களை எல்லாம் ஆர்எஃப் மவுண்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த லென்ஸ்கள் எம்50 உடலில் ஏறாது, எம்50இன் லென்ஸ்கள் அந்தப் பக்கம் ஏறாது. எம்50இன் மவுண்டுக்கு கனன் செய்த லென்ஸ்களே மொத்தம் எட்டுத்தான். 2018இல் நிறுத்தப்பட்ட நிக்கன் 1, சாம்சங்கின் என்எக்ஸ், இவையும் இதே கதை. கைவிட்ட மவுண்ட் என்றால் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எம்50 உடலோடு அந்த 22 மி.மீ. எஃப் 2 குட்டி லென்ஸும் ஒரு சூமும் நல்ல விலைக்கு ஒன்றாக அகப்பட்டால், இதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று உங்களால் இருக்க முடிந்தால், அது நல்ல பேரம். என்னால் அப்படி இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

கமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக வாங்கும் சென்சரின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இதைச் சொல்லித்தான் கடைக்குக் கடை பயமுறுத்தினார்கள். சோனி, கனன் இவற்றின் ஏபிஎஸ்-சி சென்சர் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிடப் பெரியது, மறுக்க முடியாது. ஒலிம்பஸின் சென்சர் 17.3க்கு 13 மி.மீ., சோனியுடையது 23.5க்கு 15.6. பரப்பளவில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இரவுப் படத்தில் இது ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவு, வித்தியாசம்கூட இல்லை. ஆனால் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப் 1.7 லென்ஸைப் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மடங்கு. கிட் லென்ஸ் 25 மி.மீட்டருக்கு வரும்போது எஃப் 5 பக்கம் சுருங்கிவிடுகிறது, அதனால். ஆகவே காசை எதில் போடுவது என்பது எனக்குக் கஷ்டமான கேள்வியாக இருக்கவில்லை. அம்மாவின் சுவருக்கும் 16 மெகாபிக்சல் போதும். அது 4608க்கு 3456 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 15 அங்குலத்துக்கு மேல் அகலம் வரும்.

சரி, சோனியை நான் குறைசொல்லவில்லை. என் அலுவலக நண்பர் ஏ6000 தான் வாங்கினார். அவருக்கு ஓடித்திரியும் இரண்டு பிள்ளைகள். அசையும் ஆளைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸில் அது என் கமராவைவிடத் தெளிவாக முன்னால் நிற்கிறது. அவர் கிட் லென்ஸோடேயே சந்தோஷமாக இருக்கிறார். இரண்டாவது லென்ஸ் வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. என் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

அவர் வாங்கும்போது நடந்த ஒரு சங்கதியையும் சொல்லவேண்டும். முதலில் பார்த்த உடல், புதிதுபோல் மினுங்கியது. போட்டுப் பார்த்தால் மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. "செட்டிங்கில் மாத்தலாம்" என்றார் விற்பவர். அரை மணி நேரம் தேடினோம். மாற்ற முடியாது, ஏனென்றால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த ஏ6000இல் ஜப்பானிய மொழி மட்டும்தான். வாங்குவதற்கு முன்பே, விற்பவரின் முன்னாலேயே மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள். பெயரிலும் கவனம் வேண்டும். கனன் எம்50 ஜப்பானில் கிஸ் எம், பானசோனிக் ஜிஎக்ஸ்85 ஐரோப்பாவில் ஜிஎக்ஸ்80, ஜப்பானில் ஜிஎக்ஸ்7 மார்க் 2. விளம்பரங்களில் ஒரு பெயரை மட்டும் தேடினால் அதே கமராவை இன்னொரு பெயரில் மலிவாகப் போட்டிருப்பவரைத் தவறவிடுவோம்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். உடல் வாங்குவதற்கு முன்பே ஒரு 40-150 லென்ஸ் விளம்பரத்தில் வந்தது. 19,000 ரூபாய். சந்தை விலையைவிட ஒன்பதாயிரம் குறைவு. பம்பலப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதியின் உணவுக்கூடத்தில் சந்தித்தோம். தம்பி ஒருவர், மரியாதையாகப் பேசினார். லென்ஸின் வெளிப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. சூம் வளையம் வெண்ணெய்போல் சுழன்றது. உணவுக்கூட வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு ஒரு பெரிய கெட்டிக்காரன்போல் பஸ் ஏறினேன்.

இரண்டு கிழமை கழித்து, வேறு ஒரு அலுவலாகப் புறக்கோட்டைப் பக்கம் போனபோது, மாடிப்படிக்கு மேலே கமரா திருத்தும் நானா ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் லென்ஸைக் கையில் வாங்கியதும் மேசை விளக்கை அணைத்தார். போன் டோர்ச்சை எரியவிட்டு லென்ஸின் பின்பக்கம் சரிவாகப் பிடித்தார். "இங்க வந்து பாருங்க தம்பி" என்றார். உள்ளே இருந்த கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி வலைபோல, வேர்விட்டதுபோல, வெள்ளை நூல் நூலாக ஏதோ படர்ந்திருந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டோர்ச்சைச் சரித்தால் மாத்திரம் தெரிந்தது.

"பங்கஸ். பொடிக்கு வருத்தம் வந்தா ஒடனே தெரியும் தம்பி. லென்ஸுக்கு வந்தா தெரியாது. நீங்க பொடியப் பார்க்க முன்னால லென்ஸப் பாருங்க" என்றார். பொடி என்று அவர் சொன்னது கமரா உடலை.

கழற்றித் துடைக்க 8,000 கேட்டார். துடைத்தாலும் கண்ணாடி மேலிருக்கும் பூச்சைப் பூஞ்சணம் அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது, மிச்சம் ஏதும் உள்ளே நின்றால் திரும்ப வரும், உத்தரவாதம் தரமுடியாது என்று அவரே சொன்னார். நேர்மையான மனுசன். துடைக்கவில்லை. அந்த லென்ஸ் இன்றைக்கும் என்னிடம் தனியாக ஒரு பொலித்தீன் பைக்குள் கிடக்கிறது. படம் எடுத்தால் சாதாரண வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சூரியனுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறுகிறது.

அன்று நானாவிடம் கற்ற பரிசோதனையைத்தான் இப்போது எல்லா லென்ஸுக்கும் செய்கிறேன். நல்ல வெளிச்சமான இடத்தில் சந்தித்தாலும் லென்ஸை ஒரு மேசைக்குக் கீழே, நிழலுக்குள் கொண்டுபோய் டோர்ச் அடிப்பேன். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை, சரித்து. தூசி நாலைந்து புள்ளி இருந்தால் பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். கிளை கிளையாகப் பிரிந்தால் எழுந்துவிடவேண்டியதுதான். உடலுக்கு லென்ஸைக் கழற்றிச் சென்சரைப் பார்ப்பேன், பிறகு எஃப் 16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குவேன். சென்சரில் உள்ள கறையெல்லாம் கறுப்புப் பொட்டாக வந்து நிற்கும். எல்லாச் சக்கரத்தையும் சுழற்றி, எல்லா பட்டனையும் அழுத்தி, பற்றரியைக் கழற்றி அது ஊதியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். கடைசியாக, விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு துண்டில் கையெழுத்து. இதைக் கேட்டதும் ஒருவர் "நேரமாச்சு" என்று எழுந்து போனார். நல்லதாகப் போயிற்று.

கடைசியில் ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2 தான். ஜிஎக்ஸ்85க்கும் அதற்கும் இடையில் பூவா தலையா போடும் நிலைமை. பானசோனிக்கை யூஎஸ்பி வயரால் நேரே சார்ஜ் செய்யலாம், பயணத்துக்கு அது பெரிய வசதி. ஒலிம்பஸுக்குத் தனிச் சார்ஜர் தூக்கவேண்டும். ஆனால் நான் பார்த்த இரண்டு ஜிஎக்ஸ்85இல் ஒன்றின் சென்சரில் கறை, மற்றது விலை கூட. அந்த ஒலிம்பஸ் சுத்தமாக இருந்தது. பாவித்த சந்தையில் நல்ல மாடலைவிட நல்லபடி இருக்கும் ஒன்றைத் தேடுவதே எனக்குச் சரிவந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உடலும் 14-42 கிட் லென்ஸும் 98,000. நல்ல 40-150 லென்ஸ் 28,000. 25 மி.மீ. 36,000. பற்றரி இரண்டு, மெமரி கார்ட், காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி, இதெல்லாம் 11,500. மொத்தம் 173,500. ஒன்றரை இலட்சத்தைத் தாண்டி 23,500 போயிருந்தது. பூஞ்சண லென்ஸின் 19,000ஐ நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மனைவி சேர்ப்பாள்.

எடை: உடல் 390 கிராம், கிட் லென்ஸ் 93, 40-150 லென்ஸ் 190, 25 மி.மீ. 125. மொத்தம் 798 கிராம். சோனியில் இதே கூட்டணி 960 கிராம் பக்கம் வந்திருக்கும், ஆகவே எடையில் பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். மச்சானின் பையோடு ஒப்பிட்டால்தான் இது வெற்றி. இந்த முறை தராசில் வைக்கவில்லை, கடைக்காரர் கேட்கப்போகும் கேள்வி தெரியும்.

முதல் உண்மையான பரீட்சை ஆடிவேல். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும் அன்று இரவு காலி வீதியில் நின்றேன். கிட் லென்ஸ் போட்டிருந்தேன். ஒலிம்பஸில் சென்சரே அசைந்து கை நடுக்கத்தைச் சரிக்கும், அந்த நம்பிக்கையில் ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்குக்குத் தாழ்த்திவிட்டேன். படத்தைப் பார்த்தால் தேரின் விளக்குகள், பின்னாலிருந்த கடைப் பலகை, மின்கம்பம் எல்லாம் கல்வெட்டுப்போல் கூர்மை. மனிதர்கள் மட்டும் புகை. தேங்காய் உடைத்தவரின் கை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கை நடுக்கத்தைத் தடுக்கும் வித்தை, எதிரே நிற்பவர் அசைவதைத் தடுக்காது. புத்தகத்தில் படித்திருந்தேன், இருந்தும் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. நடைபாதை ஓரமாக ஒதுங்கி 25 மி.மீ. லென்ஸை மாட்டி எஃப் 1.7, ஷட்டர் நொடியில் 160இல் ஒரு பங்கு, வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200. அடுத்த தேங்காய் உடைந்தபோது சிதறிய தண்ணீர்த்துளி ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தில் தனித்தனியாக நின்றது. அம்மாவின் சுவரில் இருப்பது அந்தப் படம்.

கிட் லென்ஸை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பகலில், எஃப் 8இல், ரயில் யன்னலால் அது எடுத்துத் தந்த படங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மூடி மடிந்தால் இரண்டு விரல் தடிப்புத்தான், காற்சட்டைப் பைக்குள்ளேயே போகும். இரவில் மட்டும் அதை நம்பிப் போகாதீர்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஈரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கள் வீடு கடலுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறது. ஈரமானியை மேசையில் வைத்த முதல் நாள் அது 78 காட்டியது, இரவில் 85. கமராவோடு வந்த வடிவான தோல் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவது, பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதுபோல. தோலும் துணியும் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், இருட்டும் காற்றோட்டமின்மையும் மிச்ச வேலையைப் பார்க்கும். மின்சார உலர் அலுமாரி வாங்கக் காசில்லை. புறக்கோட்டையில் றப்பர் வளையம் வைத்த பெரிய சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே 300 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள்ளை 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருக்கிறேன். 30க்குக் கீழே போகவிடுவதும் நல்லதில்லை, றப்பரும் உள்ளே இருக்கும் கிரீஸும் காய்ந்துபோகும். ஜெல்லின் நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்தெடுத்தால் திரும்பவும் பழைய நிறத்துக்கு வரும். அந்தத் தாச்சியை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி போடலாம் என்று சொல்கிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், மாவுத் தூசிதான் மிச்சம்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் மூக்குக் கண்ணாடிபோல் மூடிக்கொள்ளும். திருகோணமலை ஹோட்டலில் சூரியோதயத்துக்கு ஓடிப்போய், இருபது நிமிடம் பனி படர்ந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துடைத்தால் திரும்ப வரும். இப்போது முதல் நாள் இரவே கமராவை சிப் பைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி மூடிவிடுவேன். விடியற்காலை வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

மெமரி கார்ட் தெருவோரத்தில் வாங்கவேண்டாம். 64 ஜிபி என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன், முழுக்க நிரப்பிப் பார்த்தபோது உண்மையில் எட்டுத்தான் இருந்தது. பயணத்துக்கு முன் வீட்டிலேயே நிரப்பிச் சோதித்ததால் தப்பினேன். பற்றரி ஒன்று பெட்டியில் சொன்ன கணக்குப்படி 320 படம். நீண்ட ரயில் நாளுக்கு அது மத்தியானத்தோடு முடிந்துவிடும், ஆகவே மொத்தம் மூன்று. விமானத்தில் உதிரிப் பற்றரிகளைக் கைப்பைக்குள்தான் கொண்டுபோகவேண்டும், பெரிய பெட்டிக்குள் போடவிடமாட்டார்கள்.

லென்ஸ் மாற்றும் விஷயத்தில் எல்லவில் பட்ட பாட்டால் ஒரு பழக்கம் வந்தது. இறங்கிய பிறகு மாற்றுவது இல்லை. அன்றைக்கு எங்கே போகிறோமோ அதற்கு ஏற்ற லென்ஸைக் காலையிலேயே மாட்டிவிடுவேன். மாத்தறைப் பாதையில் கரையோர ரயிலில் போகும்போது கழற்றவே மாட்டேன், வெள்ளவத்தையிலிருந்தே உப்புக்காற்று யன்னலால் அடிக்கும். தூரத்துக்கு ஏதாவது தெரிந்தால் போன், அல்லது கண்.

இரண்டாம் தடவை எல்லவுக்குப் போனபோது 40-150ஐ மாட்டிக்கொண்டு ரயிலுக்கு முக்கால் மணி முன்னாலேயே மேட்டில் போய் உட்கார்ந்தேன். ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். அதனால் என்ன, வந்தபோது வாயில் மூடி இல்லை.

போன மாதம் அச்சடிக்கத் தெரிவு செய்த 340 படத்தையும் வைத்து எது எந்த லென்ஸில் எடுத்தது என்று எண்ணிப் பார்த்தேன். கமரா படத்துக்குள்ளேயே அதை எழுதி வைத்திருக்கும், கணினியில் விபரத்தைத் திறந்தால் தெரியும். 25 மி.மீட்டரில் 170. 40-150இல் 105. கிட் லென்ஸில் 65, அதிலும் முழு அகலமாக 14 மி.மீட்டரில் எடுத்தது வெறும் ஒன்பது. மூன்று மாதமாக நான் ஒரு 9-18 அகல லென்ஸுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன், 155 கிராம்தான், பெட்டியில் இடமும் இருக்கிறது. ஒன்பது படத்துக்காக யாராவது அத்தனை காசு கொடுப்பார்களா என்று விளம்பரத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சும்மா திறந்து பார்த்தேன். யாரோ வாங்கிவிட்டார்கள்.